ஏழாம் குழியின் காற்று

செசிலி இறந்தது அவளுடைய அலட்சியத்தால் என்று முதல் அறிக்கை சொன்னது. பதினான்காம் பக்கம், மூன்றாம் பத்தி. "பணியாளர் செசிலி அருளானந்து விதிமுறையைப் பின்பற்றாமல் அலட்சியமாகக் குழிக்குள் இறங்கியதே விபத்துக்குக் காரணம்." அந்த வரியை எடுக்கவைக்க நான் என்ன செய்தேன் என்பதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தமான் கடலில் இருக்கும் எங்கள் தீவுக்கு வரைபடத்தில் வேறு பெயர். நாங்கள் புகைத்தீவு என்போம். பூமிக்கு அடியில் கொதிக்கும் நீரைக் கிணறு போட்டு மேலே கொண்டுவந்து, அதன் ஆவியில் மின்சாரம் எடுக்கும் நிலையம் அங்கே முப்பத்தேழு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் கடலடிக் கம்பி வழியாகப் போர்ட்பிளேருக்குப் போனது. கிணறு தோண்ட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நானூறு குடும்பங்கள். நான் ஆய்வகத்தில் வாயு மாதிரி எடுக்கும் ஆள். என் மனைவி செசிலி கிணற்றுக் குழிகளைப் பார்க்கும் கூட்டத்துக்குத் தலைவி.

ஆவியோடு கந்தக வாயுவும் வரும். அழுகிய முட்டையின் நாற்றம். வீட்டுச் சுவரில், தலையணையில், சோற்றில்கூட இருக்கும். வெள்ளிக் கொலுசு ஒரே வாரத்தில் கறுத்துப்போகும். எந்த மின்சாதனமும் இரண்டு வருடம் தாண்டாது. போர்ட்பிளேர் பஸ்ஸில் நாங்கள் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகும். ஒருமுறை கண்டக்டர், "கூமுட்டைத் தீவு கோஷ்டி ஏறிருச்சு, ஜன்னலத் தொறங்கப்பா," என்றான். செசிலி சில்லறையை அவன் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நாங்க நாறுனாத்தான்டா தம்பி உங்க வீட்டுல ஃபேன் ஓடும்." பஸ் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். ஜன்னலை மட்டும் மூடவில்லை.

ஒவ்வொரு கிணற்றின் தலையும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான சிமெண்ட் குழிக்குள் இருக்கும். மொத்தம் பத்தொன்பது. வால்வை இறுக்கவோ திறக்கவோ உள்ளே இறங்க வேண்டும். வால்வு கசிந்தால் வாயு குழியின் அடியில் தங்கிவிடும், காற்றைவிடக் கனமானது என்பதால். இறங்கும் முன் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் விசிறி போட்டு உள்ளே இருக்கும் காற்றை மாற்ற வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. தள்ளுவண்டியில் வைத்த ஒரே ஒரு விசிறி. குழிகள் பத்தொன்பது, நாளுக்கு இரண்டு தடவை. விதிப்புத்தகத்தை எழுதியவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அதனால் எங்கள் ஆட்கள் மூக்கை நம்பினார்கள். குழி ஓரத்தில் மண்டியிட்டு, முகத்தில் தண்ணீர் அடித்து, மூக்கைச் சிந்தி, தலையை உள்ளே நீட்டி மோந்து பார்ப்பார்கள். லேசான நாற்றம் என்றால் இறங்கலாம். முகத்தில் அடித்தால் விசிறி. அடித்துக்கொண்டிருந்த நாற்றம் சட்டென்று நின்றுபோனால் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம், ஓட வேண்டும். முப்பத்தேழு வருடத்தில் குழிக்குள் ஒருவரும் சாகவில்லை. இந்த வழக்கம் எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

செசிலியின் மூக்கு தீவிலேயே பெரிய மூக்கு. கண்ணை மூடிக்கொண்டே எந்தக் குழி என்று சொல்லுவாள். "நாலாவது, கழுவாத சட்டி. பதினொண்ணு, இப்பத்தான் ஒரசுன தீக்குச்சி. ஏழு இருக்கே, அது உங்க சட்ட மாதிரிங்க."

நிலையத்துக்கு வயதாகிவிட்டது. தொடக்கத்தில் பதினெட்டு மெகாவாட் கொடுத்தது பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. ஒரு வருடத்துக்குள் பதினாறுக்கு ஏற்றாவிட்டால் மூடிவிட்டு எங்களை வேறு தீவுகளுக்குப் பிரித்து அனுப்புவது என்று தலைமை அலுவலகம் முடிவெடுத்தது. அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து நிறைமதி வந்தாள். முப்பது வயது இருக்கும். நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர். வந்த முதல் நாள் மூக்கைப் பொத்தாமல் கேண்டீனில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

"ஏனுங்ண்ணா, ஆவி எடுத்தது போக மிச்ச வெந்நிய எத்தன டிகிரில திருப்பி மண்ணுக்குள்ள உடறீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"நூத்தம்பது."

"அத்தன சூட்டையும் சும்மா கொட்டறீங்களா? ஏன்?"

பதில் சொன்னது காசிலிங்கம். செசிலியின் கூட்டத்தில் மூத்தவர். அவளைத் தங்கச்சி என்பார், அதனால் எனக்கு மச்சான். "அதுக்குக் கீழ ஆறவிட்டா கல்லாப் போயிரும் தாயி. தண்ணியில கரைஞ்சு வர்றது அம்புட்டும் குழாய்க்குள்ள வெள்ளக் கல்லா ஒட்டிக்கிரும். உளி வச்சு அடிச்ச கை இது, பாரு."

"அந்தக் கல்லு ஒட்டவே ஒட்டாதுன்னு வெச்சுக்கோங்க. எண்பது டிகிரி வரைக்கும் ஆறவிடலாம். அந்தச் சூட்டுல ரெண்டாவதா ஒரு டர்பைன் ஓட்டலாம். தண்ணி உள்ள போற கெணறும் அடைக்காது, அடியில அழுத்தமும் கொறையாது. புதுசா ஒரு கெணறுகூடத் தோண்ட வேண்டாமுங்க."

"எப்பிடி ஒட்டாமப் போகும்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே கலங்கல் நீர். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றில் வாழும் ஓர் உயிரை எடுத்து, ஆய்வகத்தில் மாற்றி வளர்த்தது. குழாய்ச் சுவரில் பாசிபோலப் படரும், கல்லை ஒட்டவிடாது என்றாள்.

"சரி, அது என்ன திங்கும்?" என்றாள் செசிலி.

"உங்க நாத்தத்தைத்தானுங்க்கா. கந்தக வாயுதான் அதுக்குச் சாப்பாடு. கொஞ்ச நாள்ல நாத்தமே இருக்காது."

பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து குப்பியைப் பார்த்தார்கள். பிறகு செசிலி, "மாதாவே! எங்க நாத்தத்தத் திங்கிறதுக்குன்னு ஒரு உசிரு! கோயில்ல அதுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்," என்றாள். அன்று சிரித்த சிரிப்பில் காசிலிங்கத்துக்குப் புரையேறிவிட்டது.

புதிய முறைக்கு அனுமதி வாங்கப் படிவங்கள் வந்தன. வாயு பற்றிய படிவம் ஆய்வகத்துடையது. எழுதத் தெரிந்தவன் என்று தீவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எல்லோருக்கும் மனு எழுதித் தருவது நான்தான். வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். ஒன்பதாம் கேள்வி: இந்த மாற்றத்தால் தற்போதுள்ள பாதுகாப்பு முறை ஏதேனும் பாதிக்கப்படுமா?

விதிப்புத்தகத்தைத் திறந்து பாதுகாப்பு முறைகளைப் பார்த்தேன். விசிறி, கையில் கட்டும் கந்தக வாயு மானி, மேலே ஒரு காவல் ஆள், மூச்சுவிட முகமூடியோடு காற்றுக் குப்பி. எதுவும் மாறவில்லை. கேள்வியைச் சத்தமாகப் படித்தேன். செசிலி இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாத்தம் போறது பாதிப்பாங்க? இல்லன்னு போட்டுட்டு வந்து உப்புப் பாருங்க," என்றாள்.

இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதத்தில் பதினேழரை மெகாவாட். தலைமை அலுவலகத்திலிருந்து இனிப்புப் பெட்டிகள் வந்தன. நாற்றம் ஒரே நாளில் போகவில்லை. மழைக்காலம் விடுவதுபோல, கடைசியாக எப்போது இருந்தது என்று யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று. கொலுசுகள் வெள்ளையாகவே இருந்தன. காசிலிங்கத்தின் மகளுக்குப் போர்ட்பிளேரிலிருந்தே வரன் வந்தது.

எங்கள் வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. செசிலி எல்லாவற்றையும் மோந்து பார்த்துக்கொண்டு திரிந்தாள். ஒரு மாலை என் தோளில் மூக்கை வைத்து, "இருபத்தாறு வருசம் ஆச்சு கல்யாணமாகி. உங்க மேல பினாயில் வாசம் அடிக்கும்னு இன்னிக்கித்தான் தெரியுது. தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன்," என்றாள்.

"இப்ப என்ன செய்யப் போற?"

"இப்ப என்ன செய்ய? பழகிக்கிற வேண்டியதுதான்."

நாற்றம் இல்லாமல் கழிந்த அந்த நான்கு மாதங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மார்ச் மாதம். இரண்டு நாளாகக் காற்றே இல்லை. காலை பத்து மணி. ஏழாம் குழி வால்வை இறுக்கச் செசிலி போனாள். மேலே காவலுக்குக் காசிலிங்கம். மாதிரி எடுக்க நானும் அங்கே போயிருந்தேன். அவள் கையிலிருந்த மானியைத் திருப்பி எனக்குக் காட்டினாள். பூஜ்யம். மண்டியிட்டாள். முகத்தில் தண்ணீர் அடித்து, மூக்கைச் சிந்தி, தலையை நீட்டினாள்.

"ஒண்ணும் இல்ல. சிமெண்டு வாசந்தான் வருது," என்றாள். இறங்கினாள்.

நாலாவது படியில் கை நழுவியது. கத்தவில்லை. விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

"தங்கச்சி!" என்று கத்திக்கொண்டு காசிலிங்கம் படியில் இறங்கினார். நானும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். அப்போது வாயு அளவுகளை நான் எழுதும் வாராந்தரத் தாள் கண்ணில் தெரிந்தது. உண்மையாகவே எதிரில் யாரோ பிடித்துக் காட்டியதுபோல. இரண்டு கட்டங்கள். கந்தக வாயு: பூஜ்யம். கரியமில வாயு: நூற்றுக்கு நூறு. நானே எழுதியது. வாரம் தவறாமல் எழுதியது.

காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

காசிலிங்கத்தின் தலை இன்னும் குழிக்கு மேலே இருந்தது. சட்டைக் காலரைப் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தேன். மேலே வந்து விழுந்தவர் என் முகத்தில் அறைந்தார். "விடுடா! உள்ள கெடக்கா, தெரியலையா?" என்றார். அதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. காற்றுக் குப்பி முந்நூறு அடி தள்ளியிருந்த கொட்டகையில். ஓடிப் போய், எடுத்து, முகமூடி மாட்டி இறங்க ஏழு நிமிடம் ஆயிற்று. அவளைத் தூக்கும்போது முகத்தில் தண்ணீர் காயாமல் இருந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நிறைமதி வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வாயு போயிருச்சுன்னு நெனச்சுட்டோமுங்ண்ணா. நாத்தம்தான் போச்சு," என்றாள். "கசியற வாயுல நூத்துல மூணு பங்குதான் நாறிட்டு இருந்துச்சு. மிச்சம் தொண்ணூத்தேழும் கரியமில வாயு. அதுக்கு வாசமே இல்ல. அந்த உயிர் அதைத் தொடாது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"அந்த மூணுதான் இத்தன வருசமாத் தொண்ணூத்தேழுக்கும் சேத்துச் சொல்லிட்டு இருந்திருக்குது. நீங்க மோந்து பாத்து எறங்கறது எனக்கு ஒரு வாட்டியும் தோணல. அக்கா மூஞ்சியில தண்ணி அடிக்கறதப் பாத்திருக்கேன். வெயிலுக்குன்னு நெனச்சேன்."

முதல் அறிக்கை அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்தது. விசாரணை அதிகாரி வசுந்தரா சென்னையிலிருந்து வந்தவர், கறாரானவர் என்று பேச்சு. விசிறி போடப்படவில்லை. அது உண்மை. அதனால் அலட்சியம் என்று எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கத்தைப் பலமுறை படித்தேன். ஒரு காரியத்தை அவள் போல ஒழுங்காகச் செய்கிறவர்கள் தீவில் கிடையாது. அவளைத்தான் அந்தச் சொல்லால் குறித்திருந்தார்கள்.

அந்தச் சொல்லை எடுக்க ஒரே வழிதான் இருந்தது. ஒன்பதாம் கேள்விக்கான என் பதிலையும் என் வாராந்தரத் தாள்களையும் எடுத்துக்கொண்டு போய், எங்கள் உண்மையான பாதுகாப்பு முறை மூக்குதான், அதை நாங்களே எடுத்துவிட்டோம், பாதிப்பு இல்லை என்று எழுதியவன் நான் என்று சொல்ல வேண்டும்.

நிறைமதியிடம் முதலில் சொன்னேன்.

"படிவம் தப்புன்னா அனுமதி செல்லாதுன்னு ஆயிருமுங்ண்ணா. அந்த உயிரையெல்லாம் கொன்னு குழாயக் கழுவச் சொல்லுவாங்க. மறுபடி பதினொண்ணு மெகாவாட். அப்புறம் மூடிருவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத உங்களத் தடுக்கறதுக்குச் சொல்லலீங்க. தெரிஞ்சுட்டுப் போங்கன்னு சொல்றேன்."

அன்று மாலை காசிலிங்கத்தைத் தேடிப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. விஷயத்தைச் சொன்னேன். நிலையம் மூடினால் ஊர் கலையும், மகளுக்கு வந்திருக்கும் வரனும் என்னவாகும் என்று தெரியாது என்பதையும் சொன்னேன்.

ஊசியைக் கீழே வைத்தார். "என்னைய ஏன்டா இழுத்த அன்னிக்கி?"

"நீங்களும் போயிருப்பீங்க, மச்சான்."

"நீ ஏன் எறங்கல?"

நழுவியிருந்த வலையின் முனையை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வலையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானூறு குடும்பம்டா. எம் மக இருக்கா அதுல," என்றார். ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டே, "அதுக்காக அவளப் போயி அலட்சியம்ங்கிறதா? எந்த ஊரு நியாயம் இது? போ. போயிச் சொல்லு. வர்றத எல்லாருமாப் பாத்துக்கிருவோம்."

வசுந்தரா அம்மா என் தாள்களை வரிசையாக மேசையில் பரப்பிப் படித்தார். ஒன்பதாம் கேள்வியின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

"ஆமாங்கம்மா."

"கரியமில வாயு அளவும் நீங்கதான் எழுதினீங்க. ஒவ்வொரு வாரமும்."

"ஆமா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. நெடுநாள் தேடிய சாவி கிடைத்தவரின் முகம்.

"நிலையத்த மூடிருவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்கு மூடணும்? தப்பு அந்த முறையில இல்லையே, படிவத்துலதான் இருக்கு. குழிக்குக் குழி கரியமில வாயு மானி பொருத்தச் சொல்லிடறேன். முன்னாடி கந்தகம் மானியை அரிச்சுடும். இப்பதான் கந்தகமே இல்லையே, மானி நல்லா உழைக்கும்."

"அம்மா, இது நான் ஒருத்தன் பண்ணுன தப்பு இல்லீங்க. முப்பத்தேழு வருசமா மூக்கு விதிப்புத்தகத்துல கிடையாது. ஒரு விசிறிய வச்சுக்கிட்டுப் பத்தொன்பது குழி. அதயும் எழுதுங்க."

அவர் பேனாவை மூடினார். குரல் தணிந்தது. "அருளானந்து, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. விபத்துக்குக் காரணம் ஒரு ஆளுன்னா நிலையம் ஓடலாம். காரணம் நிலையம் நடந்த விதம்னு எழுதினா மூடித்தான் ஆகணும். எனக்கு ஒரு பேர் வேணும். முதல்ல எங்க கையில இருந்தது உங்க மனைவியோட பேர். வேற எதுவும் கையில இல்ல."

சுவரில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மின்சாரம்.

"எம் பேரப் போட்டுக்கங்க," என்றேன்.

"வேலை போகும். தீவுல இருக்க முடியாது."

"சரிங்கம்மா."

"அலட்சியம்ங்கிற சொல்லை எடுத்துடறேன்." மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அவங்க பேரையும் எடுத்துடறது நல்லது. இந்த மாதிரி அறிக்கையில ஒரு பேர் இருந்தா, படிக்கிறவங்க அவங்கமேலதான் குத்தம்னு நினைப்பாங்க. பேர் இருக்கட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

அந்த அறையில் அதை யோசித்தேன். எடுத்துவிடச் சொன்னேன்.

நான் கிளம்பிய அன்று படகுத்துறையில் காசிலிங்கம் மட்டும் வந்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. பத்தொன்பது குழிக்கும் மானி பொருத்தியாகிவிட்டது, பச்சை விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்றார். லாஞ்ச் வரத் தாமதமானது. இரண்டாம் அறிக்கையைக் காட்டச் சொன்னார். கண்ணாடி கொண்டு வரவில்லை, நீயே படி என்றார்.

பதினான்காம் பக்கத்தைப் படித்தேன். "வாயு ஆய்வகப் பணியாளர் அருளானந்து அளித்த தவறான தகவலின் விளைவாக, குழிக்குள் இறங்கிய பணியாளர் ஒருவர் உயிரிழக்க நேர்ந்தது. அந்தப் பணியாளர்மீது எந்தத் தவறும் இல்லை."

"நல்லாத்தான் எழுதிருக்காக," என்றார். "இன்னொருக்கப் படி."

படித்தேன்.

"தங்கச்சி பேரு எங்க?"

"இல்ல, மச்சான். தப்பு யாரு மேலயோ அவுக பேரு மட்டுந்தான் வரும்."

"உம் பேரு?"

"இருக்கு."

"எத்தன எடத்துல?"

"நாலு."

அவர் தாள்களை என் கையிலிருந்து வாங்கி, ஓரம் பிசகாமல் மடித்து, என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். லாஞ்ச் வந்து துறையில் இடித்து நின்றது.

"நீதான எழுதத் தெரிஞ்சவன்," என்றார். "அவ பேரப் போட்டு நீ எழுது."